ஒரு நேரத்துக்கு ஒரு சத்தம்

நாம் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய வலது கை மெல்ல மேலே போகும். உள்ளங்கை அவர் முகத்தைப் பார்த்தபடி இருக்கும். கண் எங்கோ சுவரில் நிற்கும். "சித்த இருங்க, ஒண்ணு கேக்குது" என்று அர்த்தம். நாம் நிறுத்தியாக வேண்டும். அது கல்யாணப் பேச்சானாலும் சரி, கண்ணீரானாலும் சரி.

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக ஒன்பது வருடம் இருந்தேன். அவர் அங்கே நிட்டிங் பிரிவில் ஃபிட்டர். நூலைத் துணியாகப் பின்னும் வட்ட மிஷின்களைப் பழுது பார்ப்பது, ஓட வைப்பது அவர் வேலை. எல்லோருக்கும் ஃபிட்டரண்ணன். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும்.

ஒருமுறை சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். புதிதாகக் கட்டிய மீட்டிங் ரூம், புது ஏசி, மேஜையில் முந்திரியும் இளநீரும். முதலாளி இங்கிலீஷில் மெதுவாக எண்ணி எண்ணிப் பேசிக்கொண்டிருந்தார். மாதிரித் துணி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக வந்த ஃபிட்டரண்ணன் வாசல் வரை போய்த் திரும்பி நின்றார். கை மேலே போயிற்று. நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஏசியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, பையிலிருந்த திருப்புளியால் மூடியைக் கழற்றினார். உள்ளே பிரிக்காமல் விட்ட ஒரு பிளாஸ்டிக் தாள் படபடத்துக்கொண்டிருந்தது. அதை உருவி எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இனிப் பேசுங்க" என்று இறங்கினார். பையர்களில் ஒருவரான அம்மா கை தட்டினார். முதலாளி தட்டவில்லை.

நிட்டிங் ஹாலுக்குள் நான் கால் வைக்கவே பயப்படுவேன். முப்பத்திரண்டு மிஷின்கள். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறும். சத்தம் நெஞ்சுக்கூட்டில் இறங்கும். பக்கத்தில் நிற்பவர் வாயைப் பார்த்துத்தான் என்ன சொல்கிறார் என்று ஊகிக்க வேண்டும். அந்த இரைச்சலின் வாசலில் அவர் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு நிற்பார். அரை நிமிடம்.

"பதினொண்ணுல ஒரு ஊசி போகப் போகுதுங்க."

ஒரு மிஷினில் இரண்டாயிரத்துக்கும் மேலே ஊசி. ஒன்று வளைந்தாலும் துணியில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழும். சாயம் போட்ட பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். அதற்குள் ரோல் ரோலாகத் துணி வீணாகியிருக்கும். அவர் பதினொன்றாம் மிஷினை நிறுத்தி, வட்டத்தைச் சுற்றி விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்பார். அந்த ஊசியின் கொக்கி முடி கனத்துக்குச் சாய்ந்திருக்கும்.

மிஷின் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒடிசா, பீகார் ஆட்கள். அவர்களிடம் பேச இவரிடம் ஒரே ஒரு இந்தி வாக்கியம்தான் இருந்தது. "கஹாங் சே ஆத்தா ஹை?" எங்கிருந்து வருகிறது? அது ஒன்றை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் ஓட்டினார். அவர்கள் கை காட்டுவார்கள். இவர் அந்தத் திசையில் போவார்.

காதில் எதையும் அடைத்துக்கொள்ள மாட்டார். தணிக்கைக்கு ஆள் வரும் நாட்களில் எல்லோரும் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். இவர் மட்டும் மாட்டார். நான் ஒருமுறை சொன்னேன். "காதை அடைச்சுட்டா அப்பறம் நான் எதுக்குங்க அம்மிணி இங்க?" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது செக்கிங் டேபிளில் நடந்த ஒரு விஷயத்தால். தைத்து வரும் பனியன்களைத் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற மேஜை அது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பெண், தன் தலைக்கு மேலே வண்டு குடைகிற மாதிரிச் சத்தம் கேட்கிறது, மத்தியானத்துக்கு மேல் தலைவலி தாங்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர், "ஒண்ணுமில்ல போ, வேலை செய்யாம இருக்க ஒரு சாக்கு" என்றார். பக்கத்து மேஜைக்காரிகளும் சிரித்தார்கள். அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

ஃபிட்டரண்ணனுக்கும் கேட்கவில்லை. அதுதான் விசேஷம். கேட்கவில்லை என்பதற்காக அவர் போய்விடவில்லை. மூன்று நாள், சாப்பாட்டு இடைவேளையில், அந்தப் பெண்ணின் ஸ்டூலில் அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் கை மேலே போயிற்று. டியூப்லைட்டின் சோக் சூடேறி, நாள் பாதி போன பிறகு மட்டும் இரைந்திருக்கிறது. அவள் தலைக்கு நேர் மேலே. மாற்றிப் போட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம், "உங்களுக்குக் கேட்டது நெசந்தானுங்க" என்றார். அவள் அழுதுவிட்டாள். ஒரு சோக்குக்காக யாராவது அழுவார்களா என்று அன்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்லை" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

ஆனால் இப்படி ஒருவரோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், வீட்டிலேயே பிசிறு வெட்டும் வேலை செய்தார். தைத்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனிகளைக் கத்தரிப்பது. ஒருமுறை என்னிடம் சொன்னார்: "என்ற தம்பி செத்த சேதிய அழுதுக்கிட்டே சொல்றனுங்க அம்மிணி. இவிய கையத் தூக்கறாங்க. குக்கர்ல வாசர் போயிருச்சாமா." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

ஒரு திங்கட்கிழமை அவர் என் அறைக்கு வந்து, கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். பிறகு ஏசி. பிறகு லைட். இருட்டில் இருவரும் நின்றோம்.

"ஙீன்னு ஒண்ணு கேக்குதுங்களா?"

"இல்லீங்கண்ணா."

"சரிங்க" என்று போய்விட்டார்.

அதற்கு முன்பே அவர் கம்பெனி முழுக்கத் தேடியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. ஒரு விடுமுறை நாளில் வாட்ச்மேனைக் கேட்டு மெயின் ஸ்விட்சையே இறக்கிவிட்டு, நின்ற மிஷின்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். அப்போதும் கேட்டது. முன்பைவிட அதிகமாகவே கேட்டது. இத்தனை வருடம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டு போனவர், அன்று தன் காதுக்குள் போய் முடிந்தார்.

டாக்டர் காது நரம்பு தேய்ந்திருக்கிறது என்றார். மிஷின் சத்தத்தில் நின்றால் அப்படித்தான், மருந்து கிடையாது. "ஒண்ணுமில்லை, பழகிடும்" என்று சொல்லி அனுப்பினார். அவர் என்னிடம் இதைச் சொன்னபோது, நோயைச் சொல்வதுபோல் சொல்லவில்லை. யாரோ தன்னைத் திட்டிவிட்டதைச் சொல்வதுபோல் சொன்னார். "ஒண்ணுமில்லைன்னுட்டாருங்க."

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். சொன்னதைத் திரும்பக் கேட்பார். டிவி சத்தத்தைக் கூட்டுவார். பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போவார். தன் பேச்சு பிடிக்காமல்தான் செவிடன் வேஷம் போடுகிறார் என்று அக்கா முடிவு செய்துவிட்டார். குன்னத்தூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இருந்தார். திரும்பி வந்தார், ஆனால் பேச்சை நிறுத்திக்கொண்டார். சோறு, தண்ணீர், சாவி. அவ்வளவுதான். "ஊடு சத்தமே இல்லாமப் பொட்டாட்டம் இருக்குதுங்க. அதனால அது இன்னும் ரொம்பக் கேக்குது" என்றார் ஃபிட்டரண்ணன்.

நான் எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைகளில் கீபோர்டு வாசிப்பேன். அது அவருக்குத் தெரியும். ஒருநாள் ஆராதனை முடிந்த பிறகு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"இதுல என்ற சத்தத்தைக் கண்டுபுடிக்க முடியுமுங்களா?"

கடைசிக் கட்டைகளின் பக்கம் போனோம். ஒவ்வொன்றாக அழுத்தினார். ஓரிடத்தில் நின்றார். இந்தக் கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் இருக்கிறது என்றார். நடுவில் கட்டை ஏது? வாத்தியக் குரலை மாற்றிப் பார்த்தோம். புல்லாங்குழல், வயலின், மணி.

"இது புல்லாங்குழலுங்க. எனக்குக் கேக்கறது புல்லாங்குழல் இல்லீங்க. அதுக்குப் பேரே இல்லீங்க."

அப்போதுதான் நான் அனலாக் சின்தசைசரைப் பற்றிச் சொன்னேன். அதில் எந்த வாத்தியத்தின் குரலும் போட்டு வைத்திருக்க மாட்டார்கள். மின்சாரத்தில் ஒரு வெறும் சத்தம் பிறக்கும். அதைத் திருகுகளால் ஏற்றலாம், இறக்கலாம், கூர்மையாக்கலாம், காற்றுமாதிரி இரைச்சல் சேர்க்கலாம். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். சொல்லச் சொல்ல அவர் முகம் ஒரு புது மிஷினின் மூடியைக் கழற்றும்போது இருக்கிற மாதிரி ஆயிற்று.

"வாங்கிருவமுங்க" என்றார்.

கோயம்புத்தூரில் பழைய வாத்தியங்கள் விற்கும் ஒரு கடை எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை காலை பஸ்ஸில் போனோம். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று மோனோ, ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். இன்னொன்று பாலி; நான்கு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் நான்கும் பேசும்.

பாலியில் நான் நாலு கட்டைகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டு போட்டேன். கடை முழுக்க வெந்நீர் ஊற்றியதுபோல் ஒரு கதகதப்பு. எங்கள் சர்ச்சின் கூரைக்குக் கீழே அது எப்படிக் கேட்கும் என்று ஒரு நொடியில் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

"மோனோ வாங்கினா பின்னாடி வருத்தப்படுவீங்க சார்" என்றார் கடைக்காரர். "கார்டே வராது. ரெண்டாவது கட்டைய அழுத்தினா மொதக் கட்டை நின்னுரும்."

ஃபிட்டரண்ணன் அழுத்திப் பார்த்தார். இரண்டாவது பேசியதும் முதலாவது நின்றது. மறுபடி அழுத்தினார். சிரித்தார். "ஒருத்தரு பேசறப்ப இன்னொருத்தரு பேசறதில்லீங்க. நல்ல பழக்கமுங்க."

"அண்ணா, பாலியே இருக்கட்டுங்க" என்றேன் நான். "அதுலயும் ஒரு கட்டைய மட்டும் அழுத்தலாமில்லீங்களா? நாளைக்கு ஒரு பாட்டு வாசிக்கணும்னு தோணுச்சுன்னா? இதுல முடியாதே. ஒரு பொருளை வாங்கறப்ப முழுசா வாங்கணும்." இன்னும் என்னென்னவோ சொன்னேன். ரொம்ப நாள் உழைக்கும், விற்கப் போனாலும் மதிப்பு இருக்கும் என்றுகூடச் சொன்னேன்.

அவர் கை மேலே போயிற்று. நான் நிறுத்தினேன். இந்த முறை அவர் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, அது உங்களுக்கு வேணுமாட்ட இருக்குதுங்க."

குரலில் குற்றம் இல்லை. பதினொன்றாம் மிஷினில் ஊசி போகப் போகிறது என்று சொல்கிற அதே குரல். எனக்குக் காது சூடாகிவிட்டது. எனக்கே அதுவரை தெரியாது என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை, அது பொய்.

"எனக்கு ஒண்ணுதானுங்க கேக்குது" என்று மோனோவைக் கட்டித் தரச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவினாசி தாண்டும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்து ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வயர் மாட்டத் தெரியாது என்று கூப்பிட்டிருந்தார். அக்கா தரையில் பனியன் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். "பாட்டுப் படிக்கப் போறாங்களாமா இந்த வயசுல?" என்று என்னிடம் கேட்டார். கணவரிடம் கேட்கவில்லை.

ஃபிட்டரண்ணன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு திருகினார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மயிரிழை மயிரிழையாக ஏற்றினார், இறக்கினார். இரைச்சலைக் கொஞ்சம் சேர்த்தார், குறைத்தார். கடைசியில் கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். "இதானுங்க. இவ்வளவுதான் சத்தம். கூடவும் இல்ல, கொறச்சலும் இல்ல." ஹெட்ஃபோனைக் கழற்றி, ஸ்பீக்கரில் விட்டார்.

அது பெரிய சத்தம் இல்லை. மெல்லிய, கூரான, நடுவில் எங்கும் மூச்சு விடாத ஒரு சத்தம். முதல் பத்து வினாடி, இதற்கா இவ்வளவு என்று தோன்றியது. அவர் மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார். எதுவும் விளக்கவில்லை. அக்கா வெட்டிக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம் போயிற்று. எனக்குப் பல் கூசியது. அக்காவின் கத்தரி மெதுவானது.

"சரி, நிறுத்துங்க."

அவர் அசையவில்லை.

"நிறுத்துங்கன்னு சொல்றனில்ல."

"இது நிக்கும்" என்றார். "என்றது நிக்காது."

பிறகுதான் அணைத்தார். அந்த அமைதி அறைக்குள் பொத்தென்று விழுந்தது, எங்கள் இருவருக்கும். அவருக்கு விழவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"எப்பவுமேவா?" என்றார் அக்கா.

"ஆமா."

"சோறு திங்கையில?"

"ஆமா."

"நான் பேசையில?"

"உன்ற பேச்சு அதுக்கு அந்தாண்ட இருந்து வருது. தாண்டித்தான் கேக்கோணும்."

அக்கா கையிலிருந்த பனியனைப் பார்த்தார். இன்னொரு நூலைக் கத்தரித்தார். "ஏன் இத்தனை நாளாச் சொல்லல?"

"சொன்னனே."

அவர் சொல்லியிருந்தார். நாலு வருடமாக, எல்லோரிடமும். அக்கா மடியிலிருந்த துணியைத் தள்ளிவிட்டு எழுந்து, அவரைச் சுற்றிக்கொண்டு வந்து, கொஞ்சம் நன்றாகக் கேட்கிற வலது காதின் பக்கம் உட்கார்ந்தார். நான் வயரைச் சுருட்டுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

அதோடு அந்தப் பெட்டிக்கு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. பதினொன்றாம் மிஷினை ஓட்டிய ஒடிசாக்காரரிடம் அவர் இதைப் பற்றிச் சைகையில் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் தன் காதைத் தொட்டுக் காட்டி, "மேரா பீ" என்றிருக்கிறார். எனக்கும்.

மறுநாள் மோனோ கம்பெனிக்கு வந்தது. ஊசிப் பெட்டிகள் அடுக்கிய ஸ்டோர் ரூமில், சாப்பாட்டு நேரத்தில், ஹெட்ஃபோனை ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டார்கள். ஒடிசாக்காரர் திருகைத் தொடவே தயங்கினார். பிறகு மெல்ல ஏற்றி, தாண்டிப் போய், திரும்பி வந்து, ஓரிடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அவருடையது ஃபிட்டரண்ணனுடையதைவிடக் கீழே, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. ஒரு வாரத்தில் பதினோரு பேர். யாரும் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. ஊருக்குப் போனில் பேசும்போது ஏன் கத்துகிறாய் என்று வீட்டில் கேட்பார்களாம், அவ்வளவுதான். ஃபிட்டரண்ணன் ஒரு ஊசி அட்டையின் பின்பக்கத்தில் பெயர், எந்தக் காது, எந்தத் திருகு எவ்வளவு என்று பென்சிலால் குறித்துக்கொண்டார்.

காதுக்கு ஏதாவது செய்யச் சொல்லி முதலாளியிடம் போக வேண்டும் என்று முடிவானது. எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த முறை எனக்காக இல்லை என்று நினைக்கிறேன்.

"அண்ணா, அந்த பாலியை ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்துட்டு வரேனுங்க. நாலு நாலாச் சேர்த்து ரெக்கார்டு பண்ணி, பதினோரு பேரோடதையும் ஒண்ணாப் போட்டா மொதலாளி சேரை விட்டு எந்திரிச்சுருவாரு."

அவர் அட்டையிலிருந்த பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"வேண்டாமுங்க. எல்லாத்தையும் சேத்துப் போட்டா அது மிஷின் சத்தமாட்டத்தானுங்க இருக்கும். அது அவருக்குப் பழக்கமானதுங்க. ஒருத்தரோடத ஒரு தடவைக்குக் கேக்கட்டும்."

முதலாளி விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். ஆரம்பத்தில் ஒரு தகர ஷெட்டில் நாலு மிஷின் போட்டு, தானே ஓட்டி முன்னுக்கு வந்தார். பத்து நிமிடம் கொடுத்தார். நான் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். ஃபிட்டரண்ணன் அட்டையைப் பார்த்துத் திருகுகளை வைத்து, பெயரைச் சொல்லி, ஒரு நிமிடம் விடுவார். நிறுத்துவார். அடுத்த பெயர். இரண்டாவது பெயர் அவருடையதுதான். அதை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொன்னார்.

மூன்றாவதில் முதலாளி போனைப் பார்த்தார். ஐந்தாவதில் போனைக் கவிழ்த்து வைத்தார். ஏழாவதில், "இது யாரு? டீக்கடைகிட்ட கும்பிடு போடுவானே, அவனா?" என்று கேட்டார். பத்து நிமிடம் தாண்டிவிட்டது, யாரும் சொல்லவில்லை. பதினொன்றும் முடிந்து நான் ஹெட்ஃபோனை வாங்கக் கை நீட்டினேன். அவர் கழற்றவில்லை. சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மோதிரம் போட்ட கையை நீட்டித் திருகைத் தொட்டார்.

"இது இன்னும் மேல போகுமா?"

"போகுமுங்க" என்றார் ஃபிட்டரண்ணன். "உங்களுக்கு எங்க நிக்குதோ அங்க நிறுத்துங்க."

முதலாளி திருகினார். ஏற்றினார். அதிகமாகி, முகம் சுளித்து, இறக்கினார். மறுபடி ஏற்றினார். கை நின்றது. அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த பழைய காலண்டர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதான்" என்றார்.

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, "டாக்டரு உனக்கு என்னப்பா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லைன்னாருங்க."

"எனக்கும் அதைத்தான் சொன்னாங்க."

ஃபிட்டரண்ணன் அட்டையின் கடைசியில், பெயர் எழுதாமல், திருகு நின்ற இடத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

பெரிய மாற்றம் வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். காதை முழுக்க மூடும் கவசங்கள் வந்தன. வருடத்துக்கு ஒருமுறை காது பரிசோதனைக்கு ஆள் வந்தது. ரொம்ப மோசமாக இருந்த இரண்டு பேரைச் சம்பளம் குறைக்காமல் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மிஷின்கள் அதே வேகத்தில்தான் ஓடின. புதிதாக வந்தவர்கள் கவசத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஃபிட்டரண்ணன் ஒவ்வொருவராகப் போய், கழுத்திலிருந்து தூக்கிக் காதில் வைத்துவிட்டு வருவார். தன் காதிலும் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பதினொன்றில் ஊசி போவதை அவரால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. இரண்டு முறை துணியில் கோடு விழுந்தது. யாரும் அவரிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒன்றரை வருடத்தில் வேலையை விட்டுவிட்டார். மூலனூர் பக்கம் அக்காவுக்கு அப்பா வழியில் வந்த கொஞ்சம் நிலம் இருந்தது. முருங்கை போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போக வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போய், போன மார்கழியில் ஒருநாள் முற்பகலில் போனேன்.

நல்ல பனி. பத்து மணிக்கும் வெயில் உறைக்கவில்லை. அவர் முருங்கைக் காட்டில் காய் பறித்துக்கொண்டிருந்தார், ஆள் அனுப்பியிருந்தார்கள். அக்கா காபி கொடுத்துவிட்டு, "இங்க வந்தா நிம்மதியா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க அம்மிணி. எத்தனை அமைதின்னு பாருங்க. அதான் அவியளுக்கு ஆகறதில்ல. அமைதியா இருந்தா அது பெருசாக் கேக்குமாமா" என்றார். நிறையப் பேசினார். குன்னத்தூர் அண்ணன் மகள் கல்யாணம், காய் விலை, முட்டி வலி. பேச்சு முன்னைவிடச் சத்தமாக, வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு இருந்தது. அந்தப் பக்கம் இருக்கிற ஒருவருக்குச் சொல்லிச் சொல்லி அப்படி ஆகியிருக்க வேண்டும்.

அறையில் ஒரு பழைய டேபிள் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. குளிருக்கு நான் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டும் பயனில்லை. மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து ஸ்விட்சில் கை வைத்தேன்.

"அதை நிறுத்தாதீங்க கண்ணு" என்றார் அக்கா. "அது காத்துக்கு இல்ல. அவியளுக்குத் தொணைக்கு. வர்ற நேரமாச்சு."